கரிபுலேயும் ஸ்பானிஷும்

மொரீஷியஸுக்கு வந்து ரோஸ் ஹில்லில் குடியேறிய மூன்றாவது வாரம் அது நடந்தது. ஹோட்டலுக்கு வரும் ஸ்பெயின் பயணிகளுக்குக் கடிதம் எழுதுவது என் வேலை. மேலாளர் ஆங்கிலத்தில் தருவார், நான் ஸ்பானிஷில் மாற்றுவேன். கடல் பக்கத்து அறை தர முடியும் என்று நம்புவதாக ஒரு தம்பதிக்கு எழுதச் சொன்னார். ‘ஹோப்’ என்பதற்கு ‘எஸ்பெராமோஸ்’ என்று போட்டேன். அகராதிப்படி சரிதான். ஆனால் ஸ்பானிஷில் நம்பியிருப்பது, எதிர்பார்ப்பது, காத்திருப்பது எல்லாவற்றுக்கும் ‘எஸ்பெரார்’ என்ற ஒரே வினைச்சொல். அறை உறுதி என்று நினைத்து வந்துவிட்டார்கள். கிடைத்ததோ தோட்டத்துப் பக்கம். அந்த அம்மா என் கடிதத்தை மேஜையில் விரித்து, அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்து என்னைப் பார்த்தார். பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை.

அதிலிருந்து, “முடிந்தவரை முயல்வோம், உறுதி தர இயலாது” என்று இரண்டு வாக்கியமாகவே எழுதுகிறேன். சொல்லுக்குச் சொல் தேடுவதை விட்டுவிட்டேன்.

ஆங்கிலத்தில் ‘ஆக்வர்ட்’ வந்தால் இன்னும் சிரமம். ஸ்பானிஷில் உட்காரச் சௌகரியமில்லை என்றால் ‘இன்கொமொதோ’, கைகால் சரியாக ஓடவில்லை என்றால் ‘தோர்பே’, நாலு பேர் நடுவே சங்கடம் என்றால் ஸ்பெயினில் ‘வியொலெந்தோ’. எனவே முதலில் தமிழில் கேட்டுக்கொள்கிறேன்: இது தர்மசங்கடமா, கூச்சமா, வெறுமனே ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்பதா? அது தெளிந்தால் ஸ்பானிஷ் வந்துவிடும். ஒருவர் மகளின் மாமனார் மாமியாரோடு வருவதாக எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் அரை வரி பிடிக்கும் உறவு, ஸ்பானிஷில் ‘கொன்சுவெக்ரோஸ்’, ஒரே சொல். நம் சம்பந்தியேதான்! அன்று இரவே அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

தைப்பூசக் காவடிக்கு விரதம் இருந்த நாட்களில் பக்கத்து வீட்டுத் தாந்தின் ரசம் கொடுத்தார். பெரியம்மா, அத்தை என்று பிரித்துப் பார்க்காமல் பெரிய பெண்மணிகளை இங்கே தாந்தின் என்றே கூப்பிடுகிறார்கள். அவருக்குத் தமிழ் பேச வராது, பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல்தான். “கரிபுலே போட்டிருக்கேன்” என்றார். பிரெஞ்சில் ‘புலே’ என்றால் கோழி. டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக் கொல்லைக்குக் கூட்டிப்போய், ஒரு கொத்தை ஒடித்து உள்ளங்கையில் கசக்கி என் மூக்கருகே நீட்டினார்.

கறிவேப்பிலை.

அப்புறம் ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தது: கொத்தமல்லி ‘கொத்தொமிலி’, முருங்கை ‘முரும்’, ரசம் ‘ரசோன்’. பேச்சுத் தமிழ் போய்விட்டாலும் அடுப்படியில் அது இருக்கிறது. 1998-இல் புதிய மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் இந்திக்குக் கீழே தமிழை இறக்கியபோது எதிர்ப்பு கிளம்பி அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்களாமே என்று கேட்டேன். தாந்தின் உள்ளே போய்ப் பழைய நோட்டு ஒன்றை எடுத்து வந்து, அதிலிருந்த தமிழ் எழுத்தை மெல்லத் தடவிக் காட்டினார்.

போன மாதம் ஹோட்டல் உணவுப் பட்டியலை ஸ்பானிஷில் மாற்றச் சொன்னார்கள். ‘கறி லீவ்ஸ்’ என்பதை நேராக ‘ஓஹாஸ் தே குர்ரி’ என்று போட்டால், ஸ்பெயின்காரர் மனதில் வருவது டப்பாவில் விற்கும் மஞ்சள் பொடிதான். ‘கரிபுலே’ என்றே எழுதி, பக்கத்தில் எண்ணெயில் பொரியும் வாசனை இலை என்று ஒரு வரி சேர்த்தேன். மேஜையில் ஒரு கண்ணாடி டம்ளரில் தாந்தின் வீட்டுக் கொத்து இருக்கிறது. கேட்பவர்களுக்கு ஓர் இலையைக் கசக்கிக் கையில் கொடுக்கிறேன்.