படகர் மொழி அகராதிக்கு டெபியனில் பெயர் வைத்த அனுபவம்

கோத்தகிரி பக்கம் எங்கள் ஹட்டியில், அதாவது படகர் ஊரில், சேர்த்து வைத்திருந்த சொற்பட்டியலை லிப்ரே ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளில் பிழைதிருத்தியாகக் கொண்டுவரணும், அதையும் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் நேரடியாக நிறுவக்கூடிய தொகுப்பாகவே தரணும் என்று இறங்கினேன். கோப்புகளைத் தயார் செய்வது சீக்கிரம் முடிந்துவிட்டது. நேரம் பிடித்தது பெயருக்குத்தான்.

சொற்களில் பாதிக்கு மேல் சொல்லித் தந்த மாமா, "படுகுன்னே பேர் இருக்கட்டும்டா" என்றார். அந்த ஆசை நியாயமானது. ஆனால் டெபியனில் ஹன்ஸ்பெல் (லிப்ரே ஆபீஸ் பயன்படுத்தும் பிழைதிருத்தி) அகராதி என்றால் 'ஹன்ஸ்பெல்', ஒரு ஹைஃபன், அப்புறம் மொழிக் குறியீடு என்றுதான் பெயர் வரும். தமிழுக்கு 'டிஏ' என்று இரண்டெழுத்து உண்டு. படக மொழிக்கு அப்படிக் கிடையாது, மொழிக் குறியீடுகளுக்கான ஐஎஸ்ஓ 639-3 பட்டியலில் இருக்கும் 'பிஎஃப்க்யூ' என்ற மூன்றெழுத்துதான். தமிழ் எழுத்தில்தானே எழுதுகிறோம், 'டிஏஎம்எல்' சேர்த்தால் என்ன என்று நண்பன் கேட்டான். அது எழுத்துமுறைக்கான குறியீடு, எழுத்துருத் தொகுப்புகளில்தான் அதற்கு வேலை. அகராதி மொழிக்கு உரியது. மாமா சொன்ன பெயரைத் தொகுப்பின் விவரிப்பில் சேர்த்துவிட்டேன், டெபியனில் தொகுப்புகளைத் தேடி நிறுவும் ஆப்ட் கருவி விவரிப்பையும் பார்ப்பதால் 'படுகு' என்று தேடினாலும் கிடைக்கும்.

அகராதிக் கோப்பின் பெயரில் நாட்டுக் குறியீடு பெரிய எழுத்தில், அண்டர்ஸ்கோரோடு வரும். தொகுப்புப் பெயரில் இரண்டுமே கூடாது: சிறிய எழுத்து, எண், கூட்டல் குறி, ஹைஃபன், புள்ளி, இவ்வளவுதான். காரணம் தொகுப்பு வரும் டெப் கோப்பின் பெயரைப் பார்த்தாலே புரியும், அதில் பெயர், பதிப்பு, கட்டமைப்பு (எந்த வகைச் செயலிக்கானது என்பது) மூன்றையும் பிரிப்பதே அண்டர்ஸ்கோர்தான்.

பதிப்பு எண்ணில் கொஞ்சம் யோசிக்கணும். வெறும் தேதியைப் போட்டால், நாளைக்கு 1.0 என்று வெளியிடும்போது அந்த 1.0-தான் பழைய பதிப்பாகிவிடும், ஏனென்றால் 20240610 என்பது 1-ஐவிடப் பெரிய எண். அதனால் 0, ஒரு டில்டே (~) குறி, பிறகு தேதி என்று வைத்தேன். டில்டே வந்தால் அது 0-க்கும் முந்தைய பதிப்பு என்று கணக்கு.

இதையெல்லாம் முதலிலேயே முடிவு செய்துவிடுவது நல்லது. பின்னால் பெயரை மாற்றினால் பழைய பெயரில் ஒரு இடைக்காலத் தொகுப்பை வைத்துப் பயனர்களை நகர்த்த வேண்டியிருக்கும். எழுத்துருத் தொகுப்புகள் 'டிடிஎஃப்' என்ற முன்னொட்டிலிருந்து 'ஃபான்ட்ஸ்' என்பதற்கு மாறியபோது அந்த வேலை நடந்தது.

தோதவர், கோத்தர், இருளர் மொழிகளுக்கு யாராவது செய்ய நினைத்தால் குறியீடுகள் முறையே டிசிஎக்ஸ், கேஎஃப்இ, ஐஆர்யூ. வேலையைத் தொடங்கும் முன்பே, இந்தப் பெயரில் தொகுக்கப் போகிறேன் என்று டெபியனில் ஐடிபி பதிவு ஒன்று போட்டுவிடுங்கள், பெயரில் சிக்கல் இருந்தால் அங்கேயே சொல்லிவிடுவார்கள்.