பிள்ளை யாருடன், எந்த நாள், எத்தனை மணிக்கு: இங்கிலாந்துக் குடும்ப நீதிமன்றத்தில் எழுதி வாங்க வேண்டியவை

இங்கிலாந்திலும் வேல்சிலும் பிரிந்து வாழும் தமிழ்ப் பெற்றோர் பலர் "பிள்ளையின் உரிமை எனக்கு வேண்டும்" என்றுதான் குடும்ப நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, பெற்றோர் பொறுப்பு. பள்ளி, வைத்தியம், சமயம், பெயர், கடவுச்சீட்டு போன்றவற்றில் முடிவெடுக்கும் அதிகாரமும் கடமையும் இதில் அடங்கும். மற்றது, பிள்ளை யாருடன் வசிப்பது, மற்றவரோடு எப்போது இருப்பது என்ற ஏற்பாடு. முதலாவது இருப்பதால் இரண்டாவது தானாக வந்துவிடாது. குறைந்த நாட்கள் கிடைத்தவர் பெற்றோர் பொறுப்பை இழப்பதும் இல்லை. விவாகரத்தும் அதைப் பறிக்காது.

தாய்க்கு அந்தப் பொறுப்பு பிறப்பிலேயே உண்டு. தாயை மணந்த தந்தைக்கும் உண்டு. நம்மவர்கள் வழுக்கும் இடம் இது: இங்கே கோயிலில் தாலி கட்டி, சட்டப்படி பதியாமல் விட்ட திருமணம் சட்டத்தின் கண்ணில் திருமணமே அல்ல. அப்படியானால் பிறப்புச் சான்றிதழைப் பார்க்க வேண்டும். 2003 டிசம்பர் 1 முதல் செய்யப்பட்ட பிறப்புப் பதிவில் தந்தையின் பெயர் இருந்தால் அவருக்குப் பொறுப்பு உண்டு. இல்லாவிட்டால் தாயோடு உடன்படிக்கை எழுதிப் பதியலாம், அல்லது நீதிமன்றத்திடம் கேட்கலாம்.

ஏற்பாட்டுக்கான விண்ணப்பம் சி100 என்ற படிவம். அதற்கு முன் சமரசம் பற்றிய அறிமுகச் சந்திப்புக்குப் போயிருக்க வேண்டும். மியாம் என்று சொல்வார்கள். மற்றவரோடு ஒரே அறையில் உட்காரத் தேவையில்லை, தனியாகப் போகலாம். வீட்டு வன்முறைக்குச் சான்று இருந்தால், அல்லது உண்மையான அவசரம் என்றால் விலக்கு உண்டு. அடி, மிரட்டல், காசைப் பிடித்து வைத்தல், பிள்ளைக்கு ஆபத்து போன்றவை இருந்தால் சி1ஏ படிவத்தைச் சேர்த்தே கொடுங்கள். "குடும்ப மானம்" என்று ஆரம்பத்தில் மறைத்துவிட்டு மூன்றாம் தவணையில் (விசாரணை நாளில்) சொன்னால், ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்ற கேள்விதான் முதலில் வரும். தனித்தனிச் சம்பவங்களை மட்டும் எண்ணாமல், ஒருவரை அடக்கி ஆளும் நடத்தையின் முழுப் போக்கையும் பார்க்க வேண்டும் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2021இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே தயங்க வேண்டாம். உங்கள் முகவரி மற்றவருக்குத் தெரியக்கூடாது என்றால் அதை சி8 படிவத்தில் மட்டும் எழுதுங்கள்.

விண்ணப்பத்தோடு நூறு பக்க வாட்ஸ்அப் உரையாடலை இணைத்து அனுப்பாதீர்கள். நீதிமன்றம் கேட்கும்போதுதான் சான்றுகளைக் கொடுக்க வேண்டும்.

அடுத்து கஃப்காஸ் (பிள்ளையின் நலன் பற்றிக் குடும்ப நீதிமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் அமைப்பு) அதிகாரி தொலைபேசியில் இருவரோடும் தனித்தனியாகப் பேசுவார். பொலிஸிலும் உள்ளூராட்சி மன்றத்திலும் பதிவுகளைச் சரிபார்த்து, முதல் தவணைக்கு முன் நீதிமன்றத்துக்குக் கடிதம் அனுப்புவார். இந்தக் கட்டத்தில் வழக்கமாகப் பிள்ளையோடு பேசமாட்டார்கள். டோர்செட்டிலும் வட வேல்சிலும் 2022இல் தொடங்கி வேறு இடங்களுக்கும் பரவிய புதிய முறையில், பிள்ளையின் நிலையை முன்னதாகவே ஆராய்ந்து அறிக்கை எழுதுகிறார்கள். அந்தத் தொலைபேசி உரையாடலில் மிகப் பலர் முழு நேரத்தையும் மற்றவரின் குற்றங்களைச் சொல்வதிலேயே செலவழிக்கிறார்கள். பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்கும், எதற்குப் பயப்படும், ஆஸ்துமாவுக்கு என்ன மருந்து, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு யார் கூட்டிப்போகிறார்கள் என்பதைச் சொல்பவரின் பேச்சுக்குத்தான் கனம் அதிகம். 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் முதல் பிரிவே பிள்ளையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது.

ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். பிள்ளைகள் சம்பந்தமான வழக்கில் அந்தச் செலவை நீதிமன்றமே ஏற்கும். இலங்கைத் தமிழா இந்தியத் தமிழா என்றும் குறிப்பிடுங்கள். மைத்துனரையோ மூத்த மகளையோ மொழிபெயர்க்க வைக்கக்கூடாது.

இனித்தான் முக்கியமான பகுதி. இருவரும் ஒத்துக்கொண்டாலும், நீதிபதி தீர்மானித்தாலும், நீதிமன்றக் கட்டளையின் வாசகத்தில்தான் பிற்காலச் சண்டை முழுவதும் ஒளிந்திருக்கிறது. "நியாயமான நேரம்", "இருவரும் பேசி முடிவெடுப்பார்கள்" என்ற சொற்கள் பேசிக்கொள்ள முடியாத இருவருக்கு உதவாது. "ஒன்றுவிட்ட வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்தது முதல் ஞாயிறு மாலை 5 மணி வரை, முதல் வெள்ளி இன்ன திகதி" என்று இருக்க வேண்டும். கையளிப்பதைப் பள்ளி வாசலில் வைத்தால் பெற்றோர் முகம் பார்க்கத் தேவையில்லை. ஆனால் விடுமுறையில் பள்ளி பூட்டியிருக்கும், அதற்கு வேறொரு இடத்தையும் எழுதுங்கள். ஆண்டில் சுமார் 13 வாரம் பள்ளி விடுமுறை. "பாதிப் பாதி" என்றால் போதாது: கோடை ஆறு வாரத்தில் யாருக்கு எந்த வாரம், நத்தார் எந்த ஆண்டு யாரிடம் என்று வேண்டும். தைப்பொங்கல் பெரும்பாலும் பள்ளி நாளில் வரும். மாலை 3.30 முதல் 7.30 வரை என்று ஒரு வரி சேர்த்தால் ஆண்டுதோறும் வரும் ஒரு சண்டை குறையும். தீபாவளி சில ஆண்டில் ஒக்டோபர் இடைவிடுமுறைக்குள் வரும், சில ஆண்டில் வெளியே. இரண்டுக்கும் எழுதுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தவறிய நாள் எப்போது ஈடாகும், வீடியோ அழைப்பு எந்த நாள், யார் அழைப்பது, இவையும் கட்டளைக்குள் வரட்டும்.

நம்பிக்கை உடைந்திருந்தால், பிள்ளையும் பெற்றோரும் பாதுகாப்பாகச் சந்திக்கும் இடமான சந்திப்பு நிலையம் உண்டு. மேற்பார்வையோடு நடப்பதும், பணியாளர் அருகில் இருந்து உதவ மட்டும் செய்வதும் வெவ்வேறு. எது என்று கட்டளையில் தெளிவாக இருக்க வேண்டும்.

பராமரிப்புப் பணம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்டாமல் வைப்பதும், பிள்ளையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் இரண்டுமே தவறு. பணத்துக்கு வேறு வழி, வேறு அலுவலகம். கட்டளையை மீறினால் சி79 படிவத்தில் முறையிடலாம். தகுந்த காரணம் இல்லாமல் மீறியவருக்கு 40 முதல் 200 மணி நேரம் வரை ஊதியமில்லா வேலை விதிக்க முடியும், வீணான பயணச்சீட்டு போன்ற இழப்பை ஈடுசெய்யவும் சொல்ல முடியும். ஒவ்வொரு மீறலையும் திகதி, நேரத்தோடு ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். வழக்கின் ஆவணங்களை முகநூலிலோ உறவினர் குழுவிலோ போடாதீர்கள், அது நீதிமன்ற அவமதிப்பாகிவிடலாம்.

பேரப்பிள்ளையைப் பார்க்க விரும்பும் அம்மம்மா, அப்பம்மா பொதுவாக நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. முதலில் நீதிமன்றத்தின் அனுமதி கேட்க வேண்டும். அந்தப் படி இருக்கிறது என்பதே தெரியாமல் பலர் மனமுடைந்து விட்டுவிடுகிறார்கள்.

ஊர்ப் பயணம். பிள்ளை உங்களுடன் வசிக்க வேண்டும் என்ற கட்டளை இருந்தால் ஒரு மாதத்துக்குக் குறைவாக வெளிநாடு கூட்டிப்போகலாம். அதற்கு மேல் என்றால், பெற்றோர் பொறுப்புள்ள எல்லோரின் எழுத்துச் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ வேண்டும். கட்டளையே இல்லாதபோது சம்மதமின்றிக் கொண்டுபோவது குற்றமாகலாம். கடத்தப்பட்ட பிள்ளையைத் திருப்பி அனுப்புவது பற்றி நாடுகள் செய்துகொண்ட 1980 ஹேக் உடன்படிக்கையில் இலங்கை இருக்கிறது, இந்தியா இல்லை. அதனால் சென்னைப் பயணத்துக்கு மற்றவர் எதிர்ப்புத் தெரிவித்தால், பிள்ளை திரும்பி வரும் என்பதற்கு நீதிமன்றம் கூடுதல் உறுதி கேட்கக்கூடும். இருவழிப் பயணச்சீட்டு, தங்கும் முகவரி, அங்குள்ள தொலைபேசி எண், திரும்பியதும் கடவுச்சீட்டு யாரிடம் இருக்கும் என்பவற்றை விண்ணப்பத்திலேயே காட்டிவிடுங்கள்.