எழுத்து எழுத்தாக ஒரு வணக்கம்

அசையும் ‘வணக்கம்’ ஒன்றைச் செய்ய விலையுயர்ந்த மென்பொருள் வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் (GIMP) என்ற படத்தொகுப்பு மென்பொருள் போதும். அதில் ஒவ்வொரு லேயரும், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ஒவ்வொரு படத்தாளும், ஒரு ஃபிரேம், அசைவில் வரும் ஒரு படம். அடியில் வெறும் வெள்ளை லேயர், அதன்மேல் வரிசையாக வ, வண, வணக், வணக்க, வணக்கம். தயவுசெய்து இடையில் ‘வணக’ என்று ஒன்றை வைத்துவிடாதீர்கள்! புள்ளி மட்டும் பின்னால் ஓடிவந்து ஒட்டுவதைப் பார்க்கவே பொறுக்காது. தமிழுக்கு ‘க்’ என்பது ஓர் எழுத்து, அது முழுதாகத்தான் வர வேண்டும்.

லேயர் பெயரோடு அடைப்புக்குறிக்குள் 400 என்று எழுதி, எம், எஸ் என்ற ஆங்கிலச் சிறிய எழுத்துகளை உள்ளேயே ஒட்டினால், அதாவது (400ms) என்றால், அது 400 மில்லி செகண்ட் நிற்கும். கடைசி லேயருக்கு 2000 கொடுங்கள், நிதானமாகப் படிக்கட்டும். பிறகு கிஃப் (GIF) என்ற அசையும் படக் கோப்பாக ஏற்றுமதி செய்யும்போது அனிமேஷன் என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். கிஃப்பில் ஒரு ஃபிரேமுக்கு 256 நிறங்கள்தான். கறுப்பு எழுத்துக்கு அது தாராளம்.