லைன் கார்டு மாற்றக் கேள்வி: பதவி உயர்வுத் தேர்வு எழுதவிருப்பவர்களுக்கு

பராமரிப்புப் பொறியாளர் பதவி உயர்வுத் தேர்வின் முடிவு வந்துவிட்டது. தேறிவிட்டேன் என்ற நிம்மதியோடு, அடுத்து எழுதவிருக்கும் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். தாளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும் என்பதால், என்னைக் கரைசேர்த்த ரூட்டர் கார்டு திட்டமிடல் கேள்விக்கு நேரே வருகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் ரூட்டரில் புதிய லைன் கார்டை, அதாவது இணைப்புகள் வந்து சேரும் செருகு அட்டையை, எப்படித் திட்டமிட்டுப் பொருத்துவது என்பதே அந்தக் கேள்வி.

இப்போதிருக்கும் சேசிஸில், அதாவது கார்டுகளைச் செருகும் ரூட்டர் கூட்டில், புதிய கார்டு பொருந்துமா என்பதைத்தான் பெரும்பாலோர் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்த்தது, இந்த மாற்றத்தால் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் எந்தக் கார்டு நின்றுபோகும் என்பதை. சிஸ்கோ ஏ.எஸ்.ஆர். 9000 ரூட்டர் வரிசையில் ஆர்.எஸ்.பி. 880 என்ற கட்டுப்பாட்டுக் கார்டு வந்தால் முதல் தலைமுறை ட்ரைடன்ட் கார்டுகள் இயங்காது. 64 பிட் ஐ.ஓ.எஸ். எக்ஸ்.ஆர். இயங்குதளத்துக்குப் போனால் இரண்டாம் தலைமுறை டைஃபூன் கார்டுகளும் இயங்காது. ஜூனிப்பர் எம்.எக்ஸ். ரூட்டர் வரிசையில் நெட்வொர்க் சர்வீசஸ் என்ற அமைப்பை என்ஹான்ஸ்டு ஐபி முறைக்கு மாற்றி ரூட்டரை மறுதொடக்கம் செய்தால், சேவைக் கார்டான எம்.எஸ்.-டி.பி.சி. நீங்கலாக மற்றப் பழைய தலைமுறை டி.பி.சி. லைன் கார்டுகள் எழும்பவே செய்யாது. ஆகவே, புதிய கார்டு ஒன்றைச் செருகும் கேள்வி, பழைய கார்டில் இருக்கும் இணைப்புகளை முன்கூட்டியே எங்கே நகர்த்துவது என்ற கேள்வியாகிவிடுகிறது. அதை எழுதியவர்களுக்கே மதிப்பெண் கிடைக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

மற்றவற்றை இந்த வரிசையில் எழுதுங்கள்:

- ஸ்லாட் கணக்கு. எம்.எக்ஸ். 960-இல் எஸ்.சி.பி. என்ற சுவிட்ச் கட்டுப்பாட்டு அட்டை இரண்டு என்றால் 12 லைன் கார்டு, மூன்று என்றால் 11.
- கார்டுகளுக்கிடையே தரவைக் கடத்தும் ஃபேப்ரிக் கார்டும், வழிகளைக் கணக்கிடும் ரூட்டிங் எஞ்சினும் புதிய கார்டுக்கு ஒத்துவருமா என்பது.
- சாஃப்ட்வேர் பதிப்பு. முதலில் அதை உயர்த்தி, பிறகே கார்டு.
- மின்வழங்கி, விசிறித் தட்டு. டி.பி.சி.க்கு அடுத்து வந்த எம்.பி.சி. லைன் கார்டுகளில் புதியவை பலவற்றுக்கு உயர்திறன் விசிறித் தட்டு தேவை.
- ஆப்டிக்ஸ், அதாவது ஃபைபரை இணைக்கும் ஒளி மாட்யூல்கள்.

பராமரிப்பு நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் பகுதியில் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையையும் பார்ப்பவர்கள் நாம். 2017-இல் ஒக்கி புயல் வந்தபோது மின்சாரம் எப்படி நின்றுபோனது என்பதையும் அறிவோம். அதனால், மாற்றுப்பாதை ஃபைபரையும் மின்கலத்தையும் அன்றைக்கே சோதித்த பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும் என்று காரணத்தோடு எழுதினேன். நிதானமாக எழுதும் என் இயல்புக்கு இது ஒத்துவந்தது. வேகமாக எழுதுபவர்கள் இந்தப் பகுதியைச் சுருக்கிக்கொள்ளலாம்.

ஆய்வகத் தேர்வில் எதையும் தொடுமுன் ரூட்டரில் உள்ள கார்டுகளைப் பட்டியலிடும் ‘ஷோ சேசிஸ் ஹார்டுவேர்’ என்ற ஜூனிப்பர் கட்டளையின் வெளியீட்டைச் சேமித்துவிடுங்கள். பழைய நிலைக்குத் திரும்ப முடிவெடுக்க வேண்டிய கடைசி மணித்துளியையும் விடைத்தாளில் குறிப்பிடுங்கள்.