எடை போனதும் எரிபொருள் மாறுகிறது

விண்வெளிக்குப் போனால் தசை மெலியும், எலும்பு தேயும் என்பது பலரும் கேள்விப்பட்டதுதான். அதற்கு அடியில் நடப்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. செல் எதை எரித்து ஆற்றல் எடுக்கிறது என்பதே அங்கே மாறிவிடுகிறது.

கெண்டைக்காலில் சோலியஸ் என்றொரு தசை. சும்மா நிற்கும்போதுகூட உடம்பு முன்பக்கம் சாயாமல் பிடித்துக்கொள்வது அதுதான். நாள் முழுக்கக் களைக்காமல் உழைக்க வேண்டியிருப்பதால் அதில் மைட்டோகாண்ட்ரியா, அதாவது செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் உறுப்புகள், அதிகம்; ஆக்சிஜனைக் கொண்டு கொழுப்பை நிதானமாக எரிக்கும். எடையில்லாத இடத்தில் நிற்பது என்ற வேலையே கிடையாது. மெதுவாகச் சுருங்கும் இழைகள் மெலிகின்றன, சில வேக இழைகளின் குணத்துக்கு மாறுகின்றன. கொழுப்பை எரிக்கும் திறன் குறைந்து தசை குளுக்கோஸை நம்பத் தொடங்குகிறது. ஆனால் வேலையில்லாத தசை இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதும் இல்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதைதான்.

2020-இல் நாசாவின் ஜீன்லேப் என்ற விண்வெளி உயிரியல் தரவுத்தளத்தின் தரவுகளையும் 59 விண்வெளி வீரர்களின் பரிசோதனை விவரங்களையும் சேர்த்து ஆராய்ந்தபோது, பல உறுப்புகளிலும் பொதுவாகத் தெரிந்தது மைட்டோகாண்ட்ரியாவின் தடுமாற்றம்தான். ஆகவே இதைத் தசைப் பிரச்சினை என்று மட்டும் சொல்வது போதாது.

செடிகளின் சிக்கல் வேறு வகை. எடையற்ற நிலையில் சூடான காற்று மேலே எழாது, நீர் கீழே வடியாது. வேரைச் சுற்றி நீர் படலமாக ஒட்டிக்கொள்ளும். நீருக்குள் ஆக்சிஜன் பரவுவது காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு மெதுவு. வேர் மூச்சுத் திணறி, ஆக்சிஜன் இல்லாமல் ஆற்றல் எடுக்கும் நொதித்தலுக்கு இறங்கிவிடும்: ஒரு குளுக்கோஸுக்கு 30 சொச்சம் ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) கிடைத்த இடத்தில் வெறும் 2. நீர் அதிகமாகிவிட்டதே என்று வடியவிட வழியில்லை. அதனால்தான் பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் வெஜ்ஜி தோட்டத்தில் மண்ணுக்குப் பதில் சுட்ட களிமண் குருணை. குருணை ரொம்பப் பொடியானால் இடைவெளியெல்லாம் நீர் அடைத்துக்கொள்ளும். ரொம்பப் பெரிதானால் நீர் வேருக்கு வந்து சேராது. இலைப்பக்கம் காற்றை நகர்த்த மின்விசிறியும் வேண்டும்.

மனிதர்களுக்கு மருந்து உடற்பயிற்சி. தினமும் சுமார் 2 மணி நேரம். எடைப் பயிற்சிக் கருவியில் இரும்புத் தட்டுகள் கிடையாது, வெற்றிட உருளைகளே எதிர்த்து இழுக்கும். குந்தி எழும்போது அங்கே சொந்த உடல் எடை கணக்கில் வராது. அதையும் சேர்த்தே சுமையை வைக்க வேண்டும். ஓடுபொறியில் வார்ப்பட்டை கட்டி உடம்பைக் கீழே இழுக்கிறார்கள். முழு எடைக்கு இழுத்தால் தோளும் இடுப்பும் வலிக்கும் என்பதால் பலர் குறைத்தே வைக்கிறார்கள், பலனும் அந்த அளவுக்குத்தான். இவ்வளவு உழைத்துவிட்டுப் போதுமான அளவு சாப்பிடாவிட்டால், காக்க வேண்டிய தசையே எரிபொருளாகிவிடும்.

யாருக்கு எவ்வளவு உணவு தேவை என்று அளக்க இரட்டை அடையாள நீர் உதவும். டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்), ஆக்சிஜன்-18 (கனமான ஆக்சிஜன்) இரண்டும் கலந்த நீரைக் குடிக்கச் சொல்லி, சில நாட்களுக்குச் சிறுநீர் மாதிரி எடுப்பார்கள். டியூட்டீரியம் நீராக மட்டுமே வெளியேறும். ஆக்சிஜன்-18 நீராகவும் கரியமில வாயுவாகவும் போகும். இரண்டும் குறையும் வேகத்தின் வித்தியாசத்திலிருந்து எவ்வளவு எரிந்தது என்று கணக்கிடலாம். குடிப்பதற்கு முன்பே ஒரு மாதிரி எடுத்தாக வேண்டும். நிலையத்தில் குடிநீரின் மூலம் மாறினால் உடம்பிலுள்ள இந்தக் கனமான அணுக்களின் அடிப்படை அளவும் நகரும். அதைக் கழிக்காமல் போட்ட கணக்கு குப்பைக்குத்தான்.