நிழல் வேலையும் நீராவி வேலையும்

தோட்டப்புறத்துப் பெண்பிள்ளைகளுக்குக் கனவு காணக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று மேடைகளில் பலர் பேசக் கேட்டிருக்கிறேன். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், பகாவ் வட்டாரத்துச் செம்பனை ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்து, இன்று அதே ஆய்வுக்கூடத்தின் பொறுப்பாளராக இருக்கும் எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. எஸ்பிஎம் என்னும் இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் வந்த கையோடு எங்களிடம் வேலை கேட்டு வரும் பெண்களிடம், பிற்காலத்தில் என்னவாக விரும்புகிறாய் என்று கேட்டால் தயங்காமல் பதில் சொல்கிறார்கள். தாதியர் பயிற்சிக்குப் பணம் சேர்க்க வந்தேன் என்பாள் ஒருத்தி. சுற்றுச்சூழல் துறையில் அதிகாரியாக வேண்டும் என்பாள் இன்னொருத்தி. அவர்களிடம் கனவுக்குப் பஞ்சமில்லை. அது முறிந்துபோகிற இடங்கள்தாம் வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் அவை மிகச் சிறியவை: நேரத்துக்கு வராத ஒரு பேருந்து, கிடைக்காத ஒரு கையெழுத்து, காலுக்குப் பொருந்தாத ஒரு காலணி.

எங்கள் ஆலையில் நான் சேர்ந்த காலத்தில் ஆய்வுக்கூடமும் அலுவலகமும் பெண்களுக்கு என்றும், முற்றத்துக்கு அப்பால் இருக்கும் கொதிகலன், வேகவைக்கும் கலன்கள், பிழியும் இயந்திரங்கள் எல்லாம் ஆண்களுக்கு என்றும் யாரும் எழுதி வைக்காத ஓர் ஏற்பாடு இருந்தது. ஆய்வுக்கூட வேலை நல்ல வேலை. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். செம்பனைக் குலை வெட்டுப்பட்டு அடிபட்ட நேரத்திலிருந்தே பழத்தில் உள்ள லிபேஸ் என்னும் நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்குகிறது. அதனால் உண்டாகும் தனிக் கொழுப்பு அமிலம் கச்சா எண்ணெயில் 5 விழுக்காட்டைத் தாண்டினால் வாங்குபவர் விலையைக் குறைப்பார். அதைக் கண்டுபிடிக்க, குடுவையில் எண்ணெயை நிறுத்து எடுத்து, ஆல்கஹால் கலந்து சூடாக்கி, சில துளி பினாப்தலீன் என்னும் நிறங்காட்டி விட்டு, பியூரெட்டிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக இறக்குகிறோம். குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருக்கையில் இளஞ்சிவப்பு தோன்றி மறையும், மீண்டும் தோன்றி மறையும். ஏறக்குறைய அரை நிமிடம் மறையாமல் நின்றால் அந்தக் கணமே குழாயை அடைத்துவிட வேண்டும். ஒரு துளி கூடிவிட்டாலும் மறுபடி முதலிலிருந்து செய்யவேண்டியதுதான்.

இந்த வேலைக்கு வந்த இளம்பெண் ஒருத்தியைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்ல வேண்டும். சேர்ந்த சில மாதங்களில் அவள் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டி, வாரத்தின் முதல் நாள் எண்ணெயில் மட்டும் அமிலம் ஏறியிருப்பதை எனக்குக் காட்டினாள். சனிக்கிழமை மாலையில் வந்த குலைகள் ஞாயிறு முழுவதும் தளத்தில் கிடந்து, மறுநாள் காலையில்தான் வேகப் போகின்றன என்பதைத் தானே போய்ப் பார்த்துவிட்டும் வந்தாள். ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் நீராவி பாய்ச்சிக் குலைகளை வேகவைக்கும்போதுதான் அந்த நொதி அடங்குகிறது. அப்படியானால் நாங்கள் குடுவையில் அளப்பதெல்லாம் நீராவி உரிய நேரத்தில் கிடைத்ததா என்பதைத்தான் என்று அவள் சொன்னபோது, ஆய்வுக்கூடத்தில் இத்தனை ஆண்டு இருந்தவர்களில் எவரும் அதை அவ்வளவு தெளிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அடுத்து அவள் கேட்டது கொதிகலன் பிரிவில் பயிற்சி. பிழிந்த பழத்தின் நாரையும் கொட்டையின் ஓட்டையும் எரித்து ஆலைக்கே நீராவியும் மின்சாரமும் தரும் அந்தக் கொதிகலனை இயக்குவதற்குச் சட்டப்படி தகுதிச் சான்றிதழ் வேண்டும். அதற்குத் தேர்வு மட்டும் போதாது, கொதிகலனில் நேரடியாகப் பணியாற்றியதற்கான பதிவும் வேண்டும். படிப்படியாக உயர்ந்து நீராவிப் பொறியாளராக வேண்டும் என்பது அவள் எண்ணம்.

எதிர்ப்பு ஆலையிலிருந்து வரும் என்று நினைத்தேன். முதலில் வந்தது அவளுடைய தாயிடமிருந்து. அந்த அம்மா சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "வெயிலும் மருந்தும் என்னோட போகட்டும்மா. இவ நெழல்ல ஒக்காந்து வேலை செய்யணும்னுதான் படிக்க வெச்சேன்." இதைப் பழமைவாதம் என்று ஒதுக்குபவர்கள் தோட்டத்தின் கதையை அறியாதவர்கள். ரப்பர் இருந்தவரை பெண்கள் விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய், ஆண்களுக்கு ஈடாக மரம் வெட்டினார்கள், அதாவது பட்டையைச் சீவிப் பாலெடுத்தார்கள்; அது அவர்களுடைய தொழில், அதில் அவர்களுக்கு ஒரு தேர்ச்சியும் பெயரும் இருந்தன. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது, நீண்ட கழியில் அரிவாள் கட்டிக் குலை வெட்டுவது ஆண்களின் வேலையாகிவிட, பெண்களுக்கு எஞ்சியவை உதிரிப் பழம் பொறுக்குவது, உரம் போடுவது, முதுகில் தொட்டியைச் சுமந்து களைக்கொல்லி அடிப்பது ஆகியவைதாம். அப்படி மருந்தடித்த பெண்களின் தோல் வெடிப்பையும் நகம் கழன்றதையும் மூச்சுத் திணறலையும் வெளி உலகத்துக்குக் கொண்டுசென்றவர்களில் ஐரின் பெர்னாண்டஸ் முதன்மையானவர். சுங்கைப்பட்டாணியில் பிறந்து, பெண்கள், தொழிலாளர் உரிமைகளுக்கான தெனாகனித்தா அமைப்பை நடத்தி, 2014இல் மறைந்தவர் அவர். பாராகுவாட் என்னும் களைக்கொல்லி இந்நாட்டில் 2020 தொடக்கத்தில்தான் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன் பல ஆண்டுகள் அதை அடித்த ஒரு பெண், தன் மகள் மின்விசிறிக்கு அடியில் உட்கார வேண்டும் என்று விரும்புவதைவிட நியாயமான விருப்பம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. தாயின் கனவு நிழல். மகளின் கனவு நீராவி. இரண்டுமே தன்மானத்திலிருந்து பிறந்தவை என்பதால் ஒன்றை வைத்து மற்றொன்றைத் தோற்கடிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே அந்தத் தாயிடம் வாதாடுவதை விட்டு, ஆலை ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலாளரிடம் அனுமதி பெற்று அவரை உள்ளே அழைத்துச் சென்றேன். அவர் கொதிகலனை நிமிர்ந்து பார்த்ததைவிட அதைச் சுற்றியிருந்தவற்றைத்தான் கூர்ந்து பார்த்தார். ராத்திரி ஷிஃப்டில் இவளோடு இன்னொரு பெண் இருப்பாளா, கழிப்பறை எங்கே இருக்கிறது, அதற்குப் போகும் வழியில் விளக்கு எரியுமா, வேலை முடிந்து தோட்டத்துக்கு எதில் வருவாள், வேலைக்காரர்களில் யாராவது தகாத முறையில் நடந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். என்னிடம் பாதிக் கேள்விகளுக்குக்கூடப் பதில் இல்லை; ஆலையிடமும் இல்லை. பெண் முன்னேற்றம் பற்றி நான் கலந்துகொண்ட எந்தப் பயிலரங்கும் அந்தக் கேள்விகளுக்கு ஈடாகாது.

இரவு வேலையைப் பொறுத்தவரை, முன்பெல்லாம் நிர்வாகத்துக்கு எளிதான ஒரு பதில் இருந்தது. இரவு 10 மணியிலிருந்து காலை 5 மணி வரை தொழிற்சாலையிலோ தோட்டத்திலோ பெண்களை வேலைக்கு அமர்த்த வேண்டுமானால் தொழிலாளர் இலாகாவின் சிறப்பு அனுமதி வேண்டும் என்று 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் சொன்னது. பாதுகாப்புக்காக எழுதப்பட்ட அந்த விதி, பெண்ணை எடுக்காமல் இருப்பதற்கான காரணமாகவே நடைமுறையில் பயன்பட்டது. 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தில் அந்தப் பிரிவு நீக்கப்பட்டுவிட்டது. சட்டம் கதவைத் திறந்தது. ஆனால் சட்டம் வேன் அனுப்புவதில்லை. பகாவிலிருந்து தோட்டங்களுக்குள் போகும் பாதையில் இரவு பேருந்து கிடையாது, மகளை மோட்டார்சைக்கிளில் தனியாக வரவிட எந்தத் தகப்பனும் ஒப்பமாட்டார்.

தாய் கேட்ட கேள்விகளை அப்படியே பட்டியலிட்டுப் பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் வைத்தேன். விளக்குகளும் கழிப்பறையும் சில வாரங்களில் சரியாகின. வேனுக்குத்தான் நீண்ட இழுபறி. கடைசியில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் உள்ளூர் வேன் ஒன்றை, வீட்டு வாசல் வரை கொண்டுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு, மாத வாடகைக்கு அமர்த்தினார்கள். கொதிகலன் பிரிவில் ஒருத்தியை மட்டும் போடாமல், ஒரே ஷிஃப்டில் இரண்டு பெண்கள் என்று ஏற்பாடானது. பாதுகாப்புக் காலணி மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. பண்டகசாலையில் ஆண்களின் அளவுகளே இருந்தன. முனையில் பஞ்சை அடைத்துக்கொண்டு அந்தப் பெண் இரும்புப் படிகளில் ஏறி இறங்குவதை நான் கண்ட பிறகுதான் அவளுடைய அளவில் வாங்கினார்கள். பெரிய காலணியில் படியேறுவது ஆபத்து என்பது யாருக்கும் தெரியாத உண்மையல்ல. அந்தப் படியில் ஒரு பெண் ஏறுவாள் என்று எவரும் நினைத்துப் பார்க்காததுதான் காரணம்.

சான்றிதழ்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல பெண்கள் தாங்கள் எவ்வளவு கற்றிருக்கிறோம் என்பதே தெரியாமல் வேலையை விட்டுப் போகிறார்கள். எங்கள் ஊரிலிருந்து சிரம்பானுக்குக் குவாலா பிலா வழியாக ஏறத்தாழ 70 கிலோமீட்டர்; தினமும் போய்ப் படிப்பது எல்லாருக்கும் இயலாது. ஆனால் மலேசியத் திறன் சான்றிதழை வகுப்பறைக்குப் போய்த்தான் பெற வேண்டும் என்றில்லை. பணியில் பெற்ற அனுபவத்தை ஆவணமாகத் தொகுத்துக் காட்டினால், மதிப்பீட்டாளர் சோதித்து அங்கீகரிக்கும் வழியைத் திறன் மேம்பாட்டு இலாகா வைத்திருக்கிறது. பெண்கள் தடுமாறுவது அந்தத் தொகுப்பில்தான். செய்கிற வேலையை மலாய் மொழியில் படிப்படியாக எழுத வேண்டும்; கையால் செய்துவிடுபவர்களுக்கு எழுத வருவதில்லை. மதிய உணவு நேரத்தில் ஆய்வுக்கூட மேசையில் உட்கார்ந்து நான் கேட்கக் கேட்க அவர்கள் சொல்வார்கள், பிறகு அவர்களே எழுதுவார்கள். நான் எழுதித் தருவதில்லை. தேர்வாளர் முன் நிற்கப் போவது அவர்கள்தாம். பயிற்சிச் செலவுக்கு முதலாளிகள் மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்குக் கட்டும் தீர்வைப் பணம் இருக்கிறது. அதைக் கேட்டு எடுப்பதற்கு ஆள் இல்லாமல் அது ஆண் மேற்பார்வையாளர்களின் பயிற்சிகளுக்கே போய்க்கொண்டிருந்தது.

சம்பளம் பற்றிப் பேசவும் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தை அமைத்து, சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டுப் போராடிய ராசம்மா பூபாலனின் பெயரை எங்கள் பெண்கள் பலர் கேள்விப்பட்டதே இல்லை. நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் பெண்கள் பிரிவான ஜான்சிராணிப் படையில் இருந்தவர், பிறகு ஆசிரியராகிச் சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டவர் என்று சொல்லும்போது நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் பெண்கள் வேலையை விட்டுப் போவது முதல் குழந்தையோடுதான். நாட்டில் வேலை செய்யும் வயதில் உள்ள பெண்களில் 56 விழுக்காட்டை ஒட்டியவர்களே உழைப்புச் சந்தையில் இருக்கிறார்கள்; ஆண்களில் அது 80 விழுக்காட்டுக்கும் மேல். மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது பெரிய உதவி. வேலை நேரத்தை மாற்றிக் கேட்டு எழுத்துமூலம் விண்ணப்பித்தால் முதலாளி 60 நாள்களுக்குள் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணம் எழுத வேண்டும் என்ற விதியும் இப்போது உண்டு. அதை அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். ஆனால் 99ஆம் நாள் குழந்தையை யார் பார்ப்பது? ரப்பர் காலத்தில் தோட்டத்தில் ஆயாக்கொட்டகை இருந்தது. என் தாயார் மரம் வெட்டப் போன காலையெல்லாம் நானும் அங்கேதான் வளர்ந்தேன். தாய்மார்கள் உழைத்தால்தான் ரப்பர் பால் வரும் என்று தெரிந்த தோட்ட நிர்வாகங்கள் அன்று செய்ததை, இன்றைய ஆலைகள் செலவு என்று தள்ளிவைக்கின்றன. இதில் எனக்குக் கோபம் உண்டு.

நீராவிப் பொறியாளராக விரும்பிய பெண் இப்போது கொதிகலன் பிரிவில் இருக்கிறாள். அவளுடைய பணிப்பதிவேட்டில் தலைமைப் பொறியாளரின் கையெழுத்து ஒவ்வொரு மாதமும் விழுகிறதா என்று நானே பார்த்துக்கொள்கிறேன். அவளுடைய தாயார் வேன் தாமதமானால் எனக்குத்தான் தொலைபேசியில் அழைக்கிறார். பழைய பண்டகசாலைக் கட்டடத்தைக் குழந்தைகள் பராமரிப்பு மையமாக மாற்றித் தரக் கேட்டு, ஆய்வுக்கூடத்திலும் அலுவலகத்திலும் உள்ள பெண்கள் எல்லாரும் கையெழுத்திட்ட கடிதம் நிர்வாகத்திடம் இருக்கிறது. அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அது சேர்க்கப்படுமா என்பதுதான் இப்போது ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் நான் எழுப்பும் முதல் கேள்வி.