தட்டுக்கு முன்னால் தராசு

அங்கன்வாடி என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது தட்டுதான். வரிசையாக உட்கார்ந்த குழந்தைகள், கலவை சாதம், ஓரத்தில் ஒரு முட்டை. 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தின் அடையாளமாக அந்தக் காட்சி தமிழ்நாட்டுக்குப் பெருமை சேர்க்கிறது. எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் மதுரை மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில் ஒரு குழந்தைகள் மையத்தில் பணியாளராகக் காலம் தள்ளிய எனக்கு, தட்டின் முன் வந்து உட்காரத் தெரிந்த குழந்தையைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. அது நடந்து வருகிறது, பசித்தால் கேட்கிறது, பக்கத்துத் தட்டையும் எட்டிப் பார்க்கிறது. என் கவலையெல்லாம் மையத்துக்கு வராத குழந்தையைப் பற்றித்தான். ஆறு மாதம் முடிந்து இரண்டு வயது முடியாமல், தொட்டிலிலும் இடுப்பிலுமாக இருக்கிற குழந்தை அது.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் காப்பாற்றிவிடுகிறது. ஏழாம் மாதத்திலிருந்து பால் மட்டும் போதாது. அப்போது வீட்டில் என்ன ஊட்டுகிறார்கள்? பருப்புத் தண்ணீர், கஞ்சித் தண்ணீர், ரசம் விட்டுக் கரைத்த இரண்டு பருக்கை. தெளிந்ததெல்லாம் குழந்தைக்கு, அடியில் நிற்கும் பருப்பு பெரியவர்களின் சாம்பாருக்கு. தாய் மறுபடி நூறு நாள் வேலைக்கோ களையெடுக்கவோ கிளம்புவதும் அதே மாதங்களில்தான். ஓர் ஆண் குழந்தை ஆறாம் மாதத்தில் ஏறத்தாழ எட்டுக் கிலோவும், ஒரு வயதில் ஒன்பதரைக் கிலோவும் இருப்பது நடுத்தர அளவு. எட்டிலேயே நின்றுவிட்ட குழந்தையும் சிரிக்கும், தவழும். பார்த்த கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. தராசுதான் சொல்லும்.

இந்தத் தராசுக்கும் எங்கள் பகுதிக்கும் பழைய உறவு உண்டு. 1980-இல் உலக வங்கி உதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தபோது, முதலில் சோதித்துப் பார்த்தது கொட்டாம்பட்டி வட்டாரத்தில். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதம் தவறாமல் எடை போட்டார்கள். மிகவும் மெலிந்த குழந்தைக்கும், எடை ஏறாமல் தடுமாறுகிற குழந்தைக்கும் மட்டும் 90 நாள் சத்துருண்டை. தேறியதும் நிறுத்திவிடுவார்கள். எல்லோருக்கும் கொடுக்காததால் ஊரில் முணுமுணுப்பும் இருந்தது என்று மூத்த பணியாளர்கள் சொல்வார்கள். எனக்கு அந்த முறையின் மீது இன்றும் மரியாதை உண்டு. எந்தக் குழந்தை, எந்த மாதம் என்ற கேள்வியை அது முதலில் கேட்டது.

இப்போது எல்லோருக்கும் சத்துமாவு உண்டு. கோதுமை, கேழ்வரகு, கடலை, வெல்லம் எல்லாம் கலந்து பாக்கெட்டில் வருகிறது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கலோரி, மிகவும் மெலிந்திருந்தால் 800, கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 600 என்று உணவுப் பாதுகாப்புச் சட்டம் கணக்கு வைத்திருக்கிறது. பாக்கெட் எங்கள் கையை விட்டு வீட்டுப்படி ஏறியதும் அந்தக் கணக்கு அடுப்படியின் வசம் போய்விடுகிறது.

ஒரு வீட்டில் ஒன்பது மாதக் குழந்தைக்கு எடை நகரவே இல்லை. போய்ப் பார்த்தால், மூத்த பையன் மாவை உருண்டை பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போகிறான், தாத்தாவுக்குக் காலையில் ஒரு தம்ளர் கஞ்சி. தப்பு என்று எப்படிச் சொல்வது? இருப்பதை வீட்டில் பங்கிட்டுத்தானே உண்பார்கள். அடுப்படி அப்பத்தா கையில் இருந்தது. மருமகளிடம் பேசிப் பயனில்லை என்று தெரிந்ததால் அப்பத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து நானே கிண்டினேன். கரண்டியைச் சாய்த்தால் வழியக் கூடாது, அந்தப் பதம்தான் வேண்டும் என்றேன். "இவ்வளவு கெட்டியாகவா? தொண்டையில் அடைத்துக்கொள்ளாதா டீச்சரம்மா?" என்று கேட்டவர், ஒரு சொட்டு நல்லெண்ணெயும் விட்டு, குழந்தை கிண்ணத்தைக் காலி செய்ததைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். அடுத்த இரண்டு மாதங்களில் வளர்ச்சி அட்டையில் கோடு மேலே ஏறியது. அதன் பிறகு பக்கத்து வீட்டுக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தக் குழந்தைக்கு மாவு ஒன்றும் செய்யவில்லை. அதற்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு. நர்சம்மா வந்து உப்புச் சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும் கொடுத்து, தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொன்ன பிறகே கொஞ்சம் தெளிந்தது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம்.

தாய் சாப்பிடுவதில்தான் இன்னும் பெரிய சிக்கல். நிறையத் தின்றால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும், இரும்புச்சத்து மாத்திரை போட்டால் குழந்தை கறுத்துப் பிறக்கும் என்ற பேச்செல்லாம் இன்னும் முழுவதும் ஓயவில்லை. பிறந்த பிறகு பத்தியம் என்ற பெயரில் காயையும் தண்ணீரையும்கூடக் குறைத்துவிடுவார்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணத்தோடு பேரீச்சம்பழம், நெய், இரும்புச்சத்து டானிக் அடங்கிய பெட்டகமும் வருகிறது. பணம் எந்தச் செலவில் கரைந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பெட்டகம் 'அவளுக்கு வந்தது' என்று பெயரோடு வீட்டுக்குள் நுழைகிறது. அந்தப் பெயருக்கு ஒரு பலம் உண்டு. பேரீச்சம்பழத்தை மாமியாரே எடுத்துக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

2022-இல் உதகமண்டலத்தில் முதலமைச்சர் தொடங்கிவைத்த 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில் எனக்குப் பிடித்ததும் இப்படி ஒன்றுதான். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை மிகவும் மெலிந்திருந்தால் பெட்டகம் அதன் தாய்க்கு. பால் குடிக்கிற பிள்ளைக்கு வேறு எந்த வழியில் சோறு போட முடியும்?

இப்போதெல்லாம் பாக்கெட் கொடுக்குமுன் தாயின் முகத்தைச் செல்போனில் படமெடுக்க வேண்டியிருக்கிறது. சிக்னல் கிடைக்காமல் வேப்பமரத்தடியில் கைப்பிள்ளையோடு அவர்கள் காத்து நிற்கும் நேரத்தில் பத்துக் குழந்தைகளை எடை போட்டுவிடலாம். இதை மேலதிகாரிகளிடம் சொல்லியாகிவிட்டது.

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருகிறாள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையோடு புகுந்த வீட்டுக்குப் போகிறாள். பிறகு குடும்பத்தோடு திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விடுவதும் உண்டு. பதிவேட்டில் பெயர் ஓர் ஊரில், குழந்தை வேறோர் ஊரில். அதனால் அக்கம்பக்கத்து டீச்சர்கள், அவர்களுக்குத் தெரிந்த வெளியூர் டீச்சர்கள் என்று செல்போன் எண்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எந்த ஆய்விலும் கேட்கப்படாத நோட்டு அது. போன வாரம் திருப்பூரிலிருந்து ஒரு டீச்சர் அழைத்தார். "உங்கள் ஊர்க் குழந்தை ஒன்று இங்கே வந்திருக்கிறது அக்கா, கடைசி எடை என்ன?" எட்டே முக்கால் என்றேன். "இங்கே எட்டரைதான் காட்டுகிறது. நாளைக்குக் காலையில் அதன் அம்மா கம்பெனிக்குக் கிளம்புமுன் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிடுகிறேன்" என்றார்.